ஊரப்பாக்கத்துக்கு வளார் ஒடிக்கப் போனோம்

போன சனிக்கிழமை ஊரப்பாக்கம் போனதற்குக் காரணம் ஒரு புளியங்குச்சி. செம்பாக்கத்தில் எங்கள் டியூஷன் சாரிடம் ஒரு வழக்கம்: அடி வாங்கப்போகிறவனே குச்சி கொண்டுவர வேண்டும். அதைக் குச்சி என்று சொல்லமாட்டார், 'வளார்' என்பார். அவருடைய ஸ்கூட்டரில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டார்கள். பக்கத்தில் நின்றிருந்த என் நண்பன் செல்வம் மாட்டிக்கொண்டான். திங்கட்கிழமை நாலு அடி. அந்த யாரோ, அடியேன்தான். அடி மட்டும் அவனுக்கு.

ரோட்டை அகலப்படுத்தியதில் எங்கள் பக்கத்துப் புளியமரங்கள் போய்விட்டன. அதனால் தாம்பரத்தில் காலை 10.20 மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய், மூன்றாவது ஸ்டேஷன். வழியில் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன். அகராதியில் வளார் என்றால் இளங்கொம்பு. விளார், மிலாறு என்றும் சொல்வதுண்டு. வளர்கிற கொம்புதான் வளையும், அதனால் வளர், வளை இரண்டுக்கும் இது சொந்தக்காரச் சொல்லாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

"உன்னை வளர்க்கத்தான்டா வளார்" என்றேன். செல்வம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடை. பிளாட் போட்டுக் கல் நட்ட வயல்களுக்கு நடுவில் ஒரே ஒரு புளியமரம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா கேட்டார்.

"இன்னாடா, கொம்ப ஒடிக்கிறீங்க?"

"சார் அடிக்கிறதுக்குக் கேட்டாருக்கா."

"யாரை?"

"என்னை" என்றான் செல்வம்.

"அடி வாங்க ரயிலேறி வந்துகினு கீறியா? காஞ்சதா பாத்து எட்துக்கோ, சட்னு ஒடிஞ்சிடும்."

"ஒடிஞ்சா திரும்ப ஒண்ணுலேர்ந்து எண்ணுவாருக்கா."

அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனார். செல்வம் ஒவ்வொன்றாக ஒடித்து, தன் முன்கையிலேயே அடித்துப் பார்த்தான். ஐந்தாவதுதான் சரியாக அமைந்தது. அதற்குள் கையில் ஐந்து கோடு. எனக்கு ஜோக் எதுவும் வரவில்லை.

திரும்பும் ரயிலில் சொல்லிவிட்டேன்.

"காத்தைப் பிடுங்கினது நான்தான் மச்சான்."

"தெரியும். நீயா சொல்வேன்னுதான் பாத்துகினு இருந்தேன்."



திங்கட்கிழமை சாரிடம் ஒப்புக்கொண்டேன். "உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று அவர் செல்வத்தைக் கேட்டார். தலையாட்டினான். செய்ததற்கு எனக்கு நாலு, மறைத்ததற்கு அவனுக்கு நாலு. வளார் ஒடியவில்லை, அவ்வளவு பார்த்து எடுத்திருந்தான். இப்போது வேறு பெஞ்சில் உட்காருகிறான்.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். மரத்துப் பக்கம் கடை கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பென்சில் தடிமன் போதும். தப்பு உங்களுடையது என்றால் டிக்கெட்டே எடுக்க வேண்டாம். அன்றைக்கே சார் வீட்டுக் கதவைத் தட்டிவிடுங்கள். திங்கட்கிழமை வரை தள்ளினால் இரண்டு பேருக்கும் விழும்.