கொள்ளு காய்ந்த சாலையும் அருளானந்துவும்

நகராட்சி அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கும் நேரத்தில் ராமநாதன் வந்தான். என் மேசைமேல் மூடி வைத்திருந்த தண்ணீரை எடுத்து முழுவதையும் குடித்தான். பிறகு, "அருளு போயிட்டான்டா" என்றான். நான் "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். அருளானந்துவுக்கு மாற்றல் வரப்போவதாகச் சில மாதங்களாகவே பேச்சு இருந்தது. ராமநாதன் காலி டம்ளரை மேசைமேல் கவிழ்த்து வைத்தான். அதன் பிறகுதான் எனக்குப் புரிந்தது.

குன்றாண்டார்கோவில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்த அருளானந்துவை உங்களில் பலர் அறிவீர்கள். கன்று போட முடியாமல் தவித்த ஒரு பசுவைப் பார்க்க முந்தின நாள் சைக்கிளில் போனவன், வழியில் நெஞ்சை அடைக்கிறது என்று இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்திருக்கிறான். அப்படியே போய்விட்டான். இறந்தவரை எழுத்தில் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு முறை அப்படி எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டேன். அவனை 'அவர்' என்று எழுதினால் வேறு யாரையோ பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது.

நாங்கள் மூவரும் புதுக்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். ராமநாதன் திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அருளானந்து ஆவூர்க்காரன். பரம்பரையாகக் கோயில் மணியோசைக்கு எழுந்து உழப்போகிற கிறிஸ்தவக் குடும்பம் அவனுடையது. வேலையில் சேர்ந்த புதிதில், மாடுகளோடு எப்படிப் பேசிச் சமாளிக்கிறாய் என்று அவனைக் கேலி செய்தோம். அவன் சொன்னான்: "மாட்டுக்கு வலிச்சா அது வந்து சொல்லாது. நாமதான் போயிப் பாக்கணும்." வேடிக்கையாகச் சொன்னதல்ல அது. மனிதர்களிடமும் அவன் அப்படித்தான் இருந்தான்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் கலைந்து ஆறேழு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்குத் தேர்வாகியிருந்தேன். பங்குனியில் பயிற்சிக்குப் போக வேண்டும். போய்விட்டால் இனி எப்போது மூவரும் சேர்வோமோ என்று ராமநாதன்தான் ஆரம்பித்தான். அவன் அப்பா புது மோட்டார் சைக்கிள் வாங்கிக் கொடுத்திருந்தார். அருளானந்துவிடம், உலகச் சண்டை முடிந்து ஏலத்தில் விட்ட ஒரு பட்டாளத்து மோட்டார் சைக்கிள் இருந்தது. ஊர் ஊராக மாடு பார்க்கப் போவதற்காக வாங்கியது. காலையில் கிளம்பிப் பொன்னமராவதி போய், அங்கிருந்து திருமயம் வழியாகத் திரும்பி, ராமநாதன் வீட்டில் சாப்பாடு என்று ஏற்பாடு.

அந்தக் காலை இன்னும் என் தோலில் இருக்கிறது. மாசி மாதம், வெயில் ஏறவில்லை. காற்றில் பனியின் மிச்சம் இருந்தது. வேப்பமரங்கள் பழுப்பை உதிர்த்துவிட்டுச் செங்கொழுந்து விட்டிருந்தன. கண்மாய்களில் நடுவில் மட்டும் தண்ணீர் நின்றது. அறுப்பு முடிந்த வயல்களில் ஆடுகள் கிடை போட்டிருந்தன. ராமநாதன் முன்னால் தனியாகப் போனான். நான் அருளானந்துவின் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பட்டாளத்து வண்டி போடும் சத்தத்தில் பேச முடியாது. அவன் அவ்வப்போது தலையைத் திருப்பிச் சிரிப்பான், நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் நாங்கள் பேசியது. அதைவிட நிறைந்த பேச்சு எங்களுக்குள் பிறகு நடந்ததாக நினைவில்லை.

நச்சாந்துபட்டியைத் தாண்டி ஒரு வளைவு. பறித்த கொள்ளுச் செடியைச் சாலை நிறையப் பரப்பியிருந்தார்கள். வண்டிச் சக்கரம் ஏறினால் காய் உடைந்து மணி உதிரும் என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். ராமநாதனின் வண்டி அதன்மேல் ஏறிப் போய்விட்டது. எங்கள் வண்டி வழுக்கியது. அருளானந்து வேகமாக ஓட்டவில்லை, கவனக்குறைவாகவும் ஓட்டவில்லை. முன் சக்கரம் ஒரு பக்கம் இழுத்தது, நாங்கள் விழுந்தோம். அவனுக்கு உள்ளங்கையில் சிராய்ப்பு. என் வலது முழங்கால்மேல் வண்டி கிடந்தது.

எலும்பு கூடியது. முட்டி மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர் சொன்ன அன்று அருளானந்து என் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அதே நாளில்தான் கருப்பையா வந்தார். சாலையில் கிடந்தது அவருடைய கொள்ளு. தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு, எல்லாம் தன் தப்புதான் என்றார். இல்லை, வண்டி ஓட்டியவன் நான், தப்பு என்னுடையது என்றான் அருளானந்து. அவர் விடவில்லை. இவனும் விடவில்லை. சொத்துக்குச் சண்டை போடுவதுபோல் இருவரும் என் தலைக்கு மேலே ஒரு தப்புக்குச் சண்டை போட்டார்கள். எனக்கு வலியோடு சிரிப்பும் வந்தது. நர்சம்மா வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்.

என் ஆத்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மகன் போலீஸ் உடுப்பில் தெருவில் நடந்து வருவதை அவள் மனசுக்குள் ஆயிரம் தடவை பார்த்துவிட்டிருந்தாள். அருளானந்து வீட்டுக்கு வந்தால் எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவாள். அவன் வருவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆவூரில் பூசை முடிந்ததும் பஸ் ஏறி வருவான். என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிடுவான். தோளைக் கொடுத்து நடக்கப் பழக்குவான். சாயங்காலப் பஸ்ஸுக்குப் போய்விடுவான். பட்டாளத்து வண்டியை விற்றுவிட்டான். அதற்குப் பிறகு வேலைக்குச் சைக்கிள்தான். ஒரு ஞாயிறு, அவன் கிளம்பும்போது ஆத்தா ஒரு தட்டில் சோற்றைப் போட்டு அவன் முன்னால் தள்ளிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு, "பசியோட போகாத" என்றாள். அவன் சாப்பிட்டான். சாப்பிட்டு முடிக்கும்வரை நிமிரவில்லை.

அவனுக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. சொல்லாததால் தெரியாமல் போனதல்ல. சொல்லியும் அவன் நம்பவில்லை. போலீஸ் வேலை என் மாமா பார்த்து வைத்த வேலை. எனக்கு அதில் பெரிய ஆசை இருந்ததில்லை. நகராட்சியில் எழுத்தர் வேலை கிடைத்தது. மாலையில் படிக்க நேரம் கிடைத்தது, எழுத ஆரம்பித்தேன். பத்திரிகைகளில் நாலு பேர் என் பெயரைப் பார்த்தார்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன், நீ வேண்டுமென்றா செய்தாய், அன்றைக்கென்று பார்த்துச் சாலையில் கொள்ளு கிடந்தது, விட்டுவிடு என்று எத்தனையோ ஞாயிறுகளில் சொல்லிவிட்டேன். ஒவ்வொரு முறையும் அவன் அதை என் நல்ல மனசாகவே எடுத்துக்கொண்டான். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றே" என்பான். அப்படிச் சொல்லச் சொல்ல அவனுக்குப் பாரம் ஏறியதே தவிர இறங்கவில்லை. ஒரு கட்டத்தில் நானும் சொல்வதை விட்டுவிட்டேன்.

பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. ராமநாதனின் மகனுக்குப் பொன்னமராவதியில், மாமனார் வீட்டில் காதுகுத்து வைத்தார்கள். ராமநாதன் குடும்பத்தோடு முதல் நாளே காரில் போய்விட்டான். போகும்போது தன் மோட்டார் சைக்கிளை என் வீட்டு வாசலில் விட்டுச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான். காலையில் அருளானந்து வந்தபோது, பஸ்ஸில் போகலாம் என்றான். நீ ஓட்டினால் வருகிறேன், இல்லாவிட்டால் நான் வரவில்லை என்றேன். வெகுநேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிரேக்கை அழுத்திப் பார்த்தான், டயரை உதைத்துப் பார்த்தான். கடைசியில் ஏறினான். நான் வலது காலை நீட்டியபடி பின்னால் உட்கார்ந்தேன். மாட்டுவண்டிகள் எங்களைத் தாண்டிப் போகாததுதான் குறை. அவ்வளவு மெதுவாக ஓட்டினான்.

நச்சாந்துபட்டி தாண்டி அந்த வளைவு கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தான். இறங்கினான். என்னை இறங்கச் சொல்லவில்லை. நான் உட்கார்ந்தபடியே இருக்க, வண்டியைக் கையால் உருட்டிக்கொண்டு நடந்தான். அன்றும் சாலையில் கொள்ளு காய்ந்தது. அதன்மேல் படாமல், ஓரத்து மண்ணில் உருட்டினான். முதுகுச் சட்டை நனைந்துவிட்டது.

வயலிலிருந்து ஒருவர் கையைத் தட்டிக்கொண்டு வந்தார். பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார். கிட்டே வந்ததும் நீட்டியிருந்த என் காலைப் பார்த்தார். பிறகு என் முகத்தை. கருப்பையாவின் தலை நரைத்துவிட்டிருந்தது. வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அன்னையிலேருந்து ரோட்டுல ஒரு செடி நான் போடலீங்க தம்பி" என்றார். "ஊரே போடுது. நான் மட்டும் அந்தா அங்கிட்டு, பாறைக்குச் சொமந்துட்டுப் போயி அடிக்கிறேன். எம் பொண்டாட்டி கிறுக்கன்ங்குறா. என்னால முடியலீங்க. ஒங்க காலு கண்ணுல வந்து நிக்குது."

நான் வாயைத் திறப்பதற்குள் அருளானந்து பேசினான். வண்டியை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, அவர் தோளில் கை வைத்தான்.

"ஏண்ணே, இத்தனை வருசமாவா சொமக்குறீங்க? ஊரே போடுற எடத்துல நீங்களும் போட்டீங்க. வேணும்னா செஞ்சீங்க? அன்னைக்குன்னு பாத்து நாங்க வந்தோம். அவன் நல்லாத்தான் இருக்கான். விட்ருங்கண்ணே."

கருப்பையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் தன்னோடு சண்டை போட்டவன் இவன்தான் என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

"நீங்க விட்டுட்டீங்களா தம்பி?" என்று கேட்டார்.

குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்வதற்காகக் கேட்டார். அருளானந்து அவர் தோளிலிருந்து கையை எடுத்தான். திரும்பி என்னைப் பார்த்தான். நான் அத்தனை ஞாயிறுகளில் அவனிடம் சொன்ன வார்த்தைகளை அவன் வாயால் அவனே கேட்டிருந்தான். பிறகு கருப்பையாவிடம், "வாரேண்ணே" என்றான். ஏறி உதைத்தான். கொள்ளின் மேலேயே ஓட்டினான். காய்கள் நெரியும் சத்தம் கேட்டது. கண்மாய்க் கரை வந்ததும் வேகம் பிடித்தான். என் தோள்துண்டு பறந்து போனது. உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமாக இருந்தது. அவன் தோளை இறுகப் பிடித்துக்கொண்டேனே தவிர, மெதுவாகப் போ என்று சொல்லவில்லை.

இந்த இடத்தோடு நிறுத்திவிட்டால் நல்ல நினைவஞ்சலியாக இருக்கும். என்னால் அப்படி நிறுத்த முடியவில்லை.

அதற்குப் பிறகு அருளானந்து ஞாயிறுதோறும் வருவதை நிறுத்தினான். ஒரு வாரம் வருவான், மூன்று வாரம் வரமாட்டான். வரும்போது கதை பேசினான், சத்தம் போட்டுச் சிரித்தான், என் காலைப் பார்க்கவே மறந்துவிட்டுக் கிளம்பினான். நான் இத்தனை காலமும் அவனுக்கு வேண்டியது இதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கிடைத்தபோது எனக்கு மனத்தாங்கல் வந்தது. ஞாயிறு காலையில் பஸ் சத்தம் கேட்டால் வாசலைப் பார்ப்பேன். வராவிட்டால், பார் இவனை என்று நினைப்பேன். அவனுக்கு மூச்சு வாங்குகிறது, முன்போல் நடமாட முடியவில்லை என்று ராமநாதன் சொன்னபோதுகூட, வரட்டும், கேட்டுக்கொள்ளலாம் என்றேன். வலித்தால் நாம்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொன்னவனுக்கு வலித்தது. நான் போகவில்லை. காலைக் காரணம் சொல்ல முடியாது. இதே காலோடு இலக்கியக் கூட்டங்களுக்கு மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ் ஏறிப் போய்வந்தவன் நான். ஆவூருக்கு ஒரு தடவைகூடப் போனதில்லை. அவன் கல்யாணமும் பெண்ணின் ஊரில் நடந்தது. அவன் வீட்டு வாசல் எந்தத் திசையில் இருக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது.

நானும் ராமநாதனும் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்துவிட்டிருந்தது. கல்லறையில் மெழுகுதிரிகள் எரிந்துகொண்டிருந்தன. வீட்டில் கூடத்தில் பாய் விரித்து உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கால் மடக்க முடியாத நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அருளானந்துவின் மனைவி பாக்கியம் என்னைப் பார்த்தார். நான் யார் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார். வழக்கமான நாற்காலியைவிட ஒரு சாண் உயரம்.

"ஒக்காருங்கண்ணே" என்றார். "கல்யாணமான புதுசுலயே ஆசாரியை வரச்சொல்லி காலு ஒசரமாப் போட்டுச் செய்யச் சொன்னாங்க. இதுல ஒக்காந்தா எனக்குக் காலு தரையில படாது. புள்ளைகளையும் ஏறவிட மாட்டாங்க. அவன் வந்தா எதுல ஒக்காருவான்னு சொல்லுவாங்க."

உட்கார்ந்தேன். நீட்டிய கால் சிரமமில்லாமல் தரையில் நின்றது. என்னை எழுந்து நிற்கச் சொல்லி அவன் ஒருநாளும் அளவெடுத்ததில்லை. எண்ணெய் தேய்த்த கைக்கு அளவு தெரிந்திருக்கிறது.

கிளம்பும்போது பாக்கியம் அதை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். ராமநாதனும் வண்டி அமர்த்துகிறேன் என்றான். வேண்டாம் என்றேன். பிள்ளைகள் ஏறி உட்காரட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் எட்டிப் பார்க்காத ஒரு வீட்டில் இத்தனை வருஷமாக எனக்கு ஓர் இருக்கை இருந்திருக்கிறது. அருளானந்துவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டு வந்தது அந்த நினைப்பு ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.