கால் முறியாத நண்டு

எங்கள் வீட்டுச் சட்டிக்குக் கால் முறிந்த நண்டுதான் வரும். வலையில் கழற்றும்போது கால் போனது, சின்னது, சதை இல்லாதது, இவை எங்களுக்கு. முழு நண்டு லொறிக்கு. கொட்டியாரக் குடாவில் படுகிற நண்டை ஐஸ் போட்டு ஏற்றிப்போய், அவித்துச் சதை எடுத்து, தகரப் பேணியில் அடைத்து அமெரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். லொறி வரத் தொடங்கின பிறகு என் குசினியில் ஒரு முழு நண்டு வெந்ததில்லை. அதில் எனக்குக் குறையும் இல்லை. முழு நண்டு விற்கிற வீடு மரியாதையான வீடு.

அதனால்தான் அன்று மத்தியானம் என் இளையவன் பை நிறைய முழு நண்டைக் கொண்டுவந்து குசினியில் வைத்தபோது எனக்கு அது நல்லதாய்ப் படவில்லை.

"என்னடா இது?"

"கறி வையுங்கோ அம்மா."

"லொறி வரேல்லையே?"

"வந்தது. எடுக்கேல்லை."

சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு கரைக்குப் போனனான். லொறிக்காரர் கிண்ணியா ஆள், கனகாலமாகத் தெரிந்த மனிசன். ஐஸ் பெட்டியைத் திறக்காமல் நின்றார்.

"நான் என்ன செய்ய அம்மா? அமெரிக்காவில வரியைக் கூட்டிப் போட்டாங்களாம். எங்கட நண்டு அங்க இறங்கினா விலை ஏறும், அந்த விலைக்கு வாங்க ஆளில்லையாம். பொறுத்துப் பார்ப்பம் எண்டு கொம்பனி சொல்லுது."

"இவ்வளவு காலமும் திண்டவங்களுக்கு இப்ப எங்களோட என்ன கோபம் தம்பி?"

"எங்களோட மட்டுமோ? எல்லா நாட்டோடயும்தான்."

பக்கத்து வளவு மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "மனிசருக்குத்தான் விசா இல்லையெண்டாங்கள். இப்ப நண்டுக்குமோ?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தையல் கொம்பனிச் சட்டைக்கும் இதே வரிதானாம். சாமான் போகாவிட்டால் டொலர் வராது, டொலர் வராவிட்டால் எண்ணெய்க் கப்பல் வராது என்றார் லொறிக்காரர். அதை எனக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. முன்பு நாட்டில் டொலர் தீர்ந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றனாங்கள். வள்ளத்து எஞ்சின் ஓடவில்லை, அடுப்பு எரியவில்லை. அப்போதுதான் என் மூத்தவன் கள்ளமாய் ஆள் ஏற்றுகிற வள்ளத்தில் அவுஸ்திரேலியா என்று போனவன். இன்றுவரை ஒரு சத்தமில்லை.

வீட்டுக்குத் திரும்ப, இளையவன் வேலிப் படலையடியில், வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்டோடு போனில் கதைத்துக்கொண்டு நின்றான். "வள்ளத்து எஞ்சினை வித்தா கட்டாருக்குப் போற காசு காணும்" என்றது காதில் விழுந்தது.

நான் கறி வைக்கவில்லை. நாளைக்கு லொறி வந்தால் கொடுக்கலாம் என்று, உயிரோடு கிடந்த நண்டுகளின் கொடுக்கை நைலோன் நூலால் கட்டி, பழைய கூடைக்குள் விட்டு, கரைத் தண்ணீரில் கம்பு நட்டுக் கட்டினனான்.

"அம்மா, இது களப்புச் சேத்து நண்டில்லை, கடல் நண்டு. கட்டி வைக்க ஏலாது."

"நான் நண்டு காணாதவளோ? நீ போ."

அவன் சொன்னதுதான் சரி. களப்பு நண்டு கட்டி வைத்தால் நாட்கணக்கில் கிடக்கும். கடல் நண்டு தாங்காது. இது எனக்குத் தெரியாததில்லை. பயம் வந்தால் தெரிந்ததும் போய்விடுகிறது. விடியப் பார்த்தால் பாதி செத்துக் கிடந்தன. கட்டு அவிழ்ந்தவை மற்றவற்றின் கால்களைத் தின்றுகொண்டிருந்தன.

மகன் குனிந்து பார்த்தான். "இனிக் கறி வைக்கலாம் அம்மா. மிச்சமெல்லாம் கால் முறிஞ்சதுதான்."

அதே குரலில், "எஞ்சினை வாங்க ஒரு ஆள் கேட்டிருக்கு" என்றான்.

"லொறி திரும்ப வருமட்டும் எஞ்சினில கை வையாதை. மூத்தவனைக் குடுத்திட்டன். இன்னொருத்தனைக் குடுக்க என்னால ஏலாது."

"பாப்பம்" என்றான்.

பிறகு வரியைக் கொஞ்சம் குறைத்தார்களாம். லொறி வருகிறது, ஆனால் கொம்பனி நினைத்த நாளில்தான். எஞ்சின் இன்னும் விற்கவில்லை; கடலால் வந்ததும் கழற்றிக் கொட்டிலுக்குள் சாக்கு மூடி வைக்கிறான். அதைக் கேட்ட ஆளும் இன்னும் போன் எடுத்து விசாரிக்கிறான். மத்தியானத்தில் மகன் பையைக் குசினியில் வைத்தால் நான் பார்ப்பதில்லை, முதலில் கையை விட்டுத் தடவுவேன். ஒரு கால் குறைந்தது கையில் பட்டால், முழு நண்டு லொறிக்குப் போய்விட்டது என்று எனக்கு மூச்சு வரும்.

இன்றைக்கும் கையை விட்டனான். முதல் நண்டில் கால் எல்லாம் இருந்தது. அடுத்ததிலும் இருந்தது. அவன் வாசலில் நிற்பது தெரிந்தது. நான் அவன் முகத்தைப் பார்க்காமல் திருவலையை இழுத்துப்போட்டுத் தேங்காய் திருவத் தொடங்கினேன்.