என் வீட்டுக்காரரின் குரலைக் கேட்டு அழுதேன்

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை திட்டவாவது மாட்டாரா என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் ஏங்கிக் கிடந்தவள் நான். போன தை மாதம், அந்தமானில்.

எங்களுக்கு ஊர் எருத்தேன்பதி. தென்னந்தோப்பை விட்டு நாங்கள் நகர்ந்ததே இல்லை. வேலைக்குச் சேர்ந்த மகள்தான் ஆசையாக டிக்கெட் எடுத்துக் கொடுத்தாள். கடலுக்கடியில் போய் மீன் பார்க்கலாம் என்றதும் இவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சின்ன வயதிலிருந்தே கிணற்றில் முங்கி, மோட்டார் குழாயைச் சரிபண்ணிவிட்டு வருகிற ஆள்.

முதுகில் காற்று சிலிண்டரை மாட்டிவிட்ட தமிழ்ப் பயிற்சியாளர் படித்துப் படித்துச் சொன்னார்: "மேலே வரும்போது மூச்சை அடக்கவே கூடாது. விட்டுக்கிட்டே வரணும்."

இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நாம் முங்காத கெணறா, அம்மிணி?"

நான் படகில் உட்கார்ந்திருந்தேன். கடலுக்குள்ளே இவர் முகத்தில் மாட்டியிருந்த கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. பதறியவருக்குக் கிணற்றுப் பழக்கம்தான் முந்திக்கொண்டு வந்தது. மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விருட்டென்று மேலே வந்துவிட்டார். கிணற்றில் அது சரி. ஆழத்தில் சிலிண்டர் காற்றை இழுத்திருந்தாரே! மேலே வர வர அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிட்டது. வாயெல்லாம் இரத்தம்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய். "கடவுளை வேண்டிக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு டாக்டர் நகர்ந்தார்.

சுற்றிலும் கடல். எங்கள் மாரியாத்தா கோயில் எந்தத் திசை என்றுகூடத் தெரியவில்லை. வேப்பிலை இல்லை, விளக்கு இல்லை. தோப்புக்குள் அவர் பேசிக்கொண்டே நடக்கிற சத்தத்துக்கு என் காது தவித்தது. எத்தனை நாள் "சும்மா இருக்கீங்களா?" என்று சலித்திருப்பேன்! சுவரைப் பார்த்து அழுதேன். "ஆத்தா, அந்தக் கொரல மட்டும் குடு. வேற ஒண்ணும் கேக்கல."

மறுநாள் காலை நர்ஸ் கூப்பிட்டாள். வாய்க்குழாயை எடுத்திருந்தார்கள். உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"ஊட்டுக்குப் போலாமா?"

"போலாமுங்க" என்று சொல்லிக்கொண்டே அழுதுவிட்டேன்.

இனி முங்கவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கிணற்றுப் படியில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த ஏக்கம் எனக்கும் வலிக்கிறது. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வேன். அவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நம்புங்கள். நிற்கிற இடத்திலிருந்தே ஆத்தாளைக் கூப்பிடுங்கள். எங்கோ ஒரு தீவில் சுவரைப் பார்த்து அழுதவளுக்கே அவள் செவி கொடுத்தாள்.