தணிகாசலம் போட்ட கையெழுத்து

1993, ஐயம்பேட்டை பொங்கல் கேரம் போட்டி, முதல் பரிசு. 1995, தாலுகா இரட்டையர் கோப்பை, தணிகாசலத்தோடு சேர்ந்து. 1998, மாவட்ட ஒற்றையர் கோப்பை. இவ்வளவும் என் தம்பி ஜெபகுமார் நடுவிரலால் அடித்து வாங்கியவை. ஆள்காட்டி விரல் எட்டு வயதில் சோடாக் கடை இயந்திரத்தில் நசுங்கி மடங்கிவிட்டது. பள்ளிக்கூடமும் அதோடு நின்றது.

போட்டிகளில் ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஸ்கோர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் ஆட்சேபம் செல்லாது. தம்பிக்கு எழுதத் தெரியாது.

"நீ ஆடு மச்சான், பேனா வேலைய என்கிட்ட உடு" என்பான் எதிர்வீட்டுத் தணிகாசலம். ஆறு வருடம் அவன்தான் போட்டான்.

1999 மாவட்டத் தேர்வில் வென்றால் மாநில அணி. எதிரே எங்கள் கிளப் தலைவரின் அக்கா மகன் அர்ஜுனன். கடைசி ஆட்டத்தில் அவனுடைய சட்டைக் கை பட்டு, சிவப்புக் காய் குழிப் பக்கம் நகர்ந்தது. நடுவர் கவனிக்கவில்லை. எங்கள் தெருவில் தொட்டவனே "தொட்டேன்" என்று சொல்லிவிடுவான். மற்றவன் சுட்டிக்காட்டுவது அசிங்கம். அவன் சொல்வான் என்று தம்பி காத்திருந்தான். அர்ஜுனன் சிவப்பைப் போட்டான், அதை உறுதிசெய்ய அடுத்துப் போடவேண்டிய ஃபாலோ காயையும் போட்டான், ஜெயித்தான்.

அதற்குப் பிறகுதான் தம்பி தலைமை நடுவரிடம் போனான். அவர் வந்து சீட்டைப் பார்த்தார். "கையெழுத்து ஆயிடுச்சேப்பா."

தம்பி திரும்பினான். "இன்னாடா தணிகா, நான் பேசிக்கினு இருக்கறேன், நீ போட்டுட்டியா?"

"தலைவர் மூஞ்சில எப்பிடி முழிக்கிறது மச்சான்?"

அடுத்த மாதம் தணிகாசலம் தலைவரின் பட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருந்தான். தம்பி அந்த வாசலைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் பார்த்து நடப்பான். நான் நின்று பார்ப்பேன். தணிகாசலம்தான் தலையைக் குனிவான்.

அதன்பின் தம்பி கேரம் பலகையில் பவுடரைத் தூவி, அதில் விரலால் ஏதோ எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தான்.

"இன்னாடா பண்றே?"

"பலகைய தொடைக்கிறேன்க்கா."

மறுபடியும் தேர்வு வந்தபோது நானும் போனேன். கடைசி ஆட்டத்தில் தம்பியின் விரல் ஒரு காயில் உரசியது. யாரும் பார்க்கவில்லை.

"தொட்டேன்" என்றான்.

முறை எதிராளிக்குப் போனது. அதோடு ஆட்டம் போயிற்று, மாநில அணியும் போயிற்று. கிளப் சார்பில் வந்திருந்த தணிகாசலம் பழக்கத்தில் பேனாவைத் திறந்தான். "குடு மச்சான்..."

"எட்டப் போ."

தம்பி நடுவரின் பேனாவை வாங்கி, ஜெ-வில் தொடங்கி, ஒவ்வொரு எழுத்தாக, முழுப் பெயரையும் எழுதினான். 2001 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை.