கிழங்கறையில் சாச்சி

சாச்சி நோன்பில் இல்லை என்பதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். எனக்கு எட்டு வயது. முழு நோன்பு பிடிக்க முதன்முதலாக அனுமதி கிடைத்த வருடம் அது. வயிறு காயும்போது மூக்கு எவ்வளவு கூர்மையாகிவிடும் என்பது நோன்பு பிடித்தவர்களுக்குத் தெரியும். நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் கழிந்து சாச்சி என்னைக் கடந்து போனார். கூடவே சீனிச் சம்பல் வாசமும் போனது.

ராகலை கடைத்தெருவில் முன்னால் எங்கள் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டைகள் அடுக்கும் பலகை அறை. வாப்பாவும் அவருடைய தம்பியான சாச்சாவும் பகல் முழுக்கக் கடையில் நிற்பார்கள். வீட்டுக்குள் ஆட்சி மாமியுடையது. வாப்பாவுக்கு மூத்த ராத்தா அவர். கணவர் மவுத்தான பிறகு எங்களோடு வந்து சேர்ந்தவர். உப்பு புளியிலிருந்து சாச்சாவின் கல்யாணம் வரை அவர் வைத்ததுதான் சட்டம்.

உண்மையில் என் சந்தேகம் சம்பல் வாசத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. சாச்சாவைக் கட்டி இத்தனை வருடமாகியும் மடியில் ஒரு பிள்ளை இல்லையே என்று சாச்சியைச் சாடைமாடையாகக் குத்துவதை மாமி ஒரு வேலையாகவே செய்துவந்தார். அந்த நோன்பு மாதத்தில் திடீரென்று மாமி தேனாகிப்போனார். சாச்சியின் கையிலிருந்த தண்ணீர் வாளியை வாங்கி உம்மாவிடம் கொடுத்தார். பெட்டியிலேயே பெரிய பேரீச்சம்பழம் சாச்சிக்குப் போனது. நான் உள்ளே நுழைந்தால் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். மாமியைப் பற்றிய ஏதோ ரகசியம் சாச்சியிடம் சிக்கியிருக்கிறது, அதை வைத்து மிரட்டுகிறார் என்று நான் முடிவு கட்டினேன். பெரிய பேரீச்சம்பழம் அதுவரை எனக்கு வந்துகொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எனக்கு மார்க்க அறிவுக்கும் குறைவில்லை. மதரசாவில் அப்போது நாங்கள் ஓதிக்கொண்டிருந்தது சந்தேகங்களை விலக்கச் சொல்லும் வசனம். பிறரைத் துருவிப் பார்க்காதீர்கள், புறம் பேசாதீர்கள், அது இறந்த சகோதரனின் இறைச்சியைத் தின்பதற்கு ஒப்பானது என்று ஹஸ்ரத் பொருள் சொன்னார். ராகம் பிசகாமல் ஓதியதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார். எனக்குச் சகோதரன் கிடையாது. ஆகவே அந்த எச்சரிக்கை வேறு பிள்ளைகளுக்கானது என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் நம் தோள்களில் வானவர்களான இரண்டு மலக்குகள் உட்கார்ந்து நன்மை தீமைகளை எழுதுகிறார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. சாச்சி விஷயத்தில் அவர்களுக்குச் சாட்சியாக ஓர் ஆள் இருப்பது நல்லதுதானே.

மறுநாள் பகல், கிழங்கு பொறுக்கப் போகிறேன் என்று சாச்சி பின்னால் போனார். நான் பூனை போல் பின்தொடர்ந்து பலகை இடுக்கில் கண்ணை வைத்தேன். மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். கையில் பாண் துண்டு, பக்கத்தில் ஆறிப்போன தேத்தண்ணி. அவர் சாப்பிட்டது எனக்கு ஆச்சரியமாக இல்லை. சாப்பிட்டுக்கொண்டே அழுததுதான் ஆச்சரியம். மென்றுகொண்டிருக்கும்போதே கண்ணீர் வந்தது, முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி கடித்தார். தோளில் இருக்கும் மலக்கை நினைத்துப் பயப்படுகிறார், பயப்படட்டும் என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

மாலையில் மாமி நோன்புக் கஞ்சியைக் கோப்பைகளில் ஊற்றிக்கொண்டிருந்தார். வழக்கம்போல் பெரிய பேரீச்சம்பழத்தை எடுத்துச் சாச்சியின் பக்கம் நீட்டினார். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"சாச்சிக்கு என்னத்துக்கு? அவங்க பகல்லயே கிழங்கறைல பாண் சாப்பிட்டாங்க. நான் பாத்தேன்."

வீடே அதிரப் போகிறது என்று காத்திருந்தேன். ஒன்றும் அதிரவில்லை. மாமியின் கை அப்படியே நின்றது. முகத்தில் இருந்த வெளிச்சத்தை யாரோ அணைத்துவிட்டதுபோல் ஆனது. உம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எப்பருந்து?" என்று மாமி மெல்லக் கேட்டார்.

"முந்தாநாள்லருந்து, மதினி. சொல்லத்தான் நெனச்சேன். உங்க முகத்தப் பாத்தா வாய் வரல்ல" என்றார் சாச்சி.

மாமி திட்டவில்லை. பேரீச்சம்பழத்தைத் திரும்பப் பெட்டியில் போடவும் இல்லை. அதைச் சாச்சியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டு, தொழுகைப் பாயை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். பாங்கு சொன்ன பிறகும் வெகுநேரம் அவர் வெளியே வரவில்லை. பிடிபட்டவளுக்குப் பழம், பிடித்துக்கொடுத்தவளுக்கு ஒன்றுமில்லை என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இந்த வீட்டில் எல்லோரும் கூட்டு என்று தோன்றியது. உம்மா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்க் காதைத் திருகினார்.

"துருவித் துருவிப் பாக்காதீங்கன்னு ராகம் போட்டு ஓதுறீங்களே மகள், அது யாருக்கு?"

ஹஸ்ரத் கேட்டிருந்தால் பொருளோடு ஒப்பித்திருப்பேன்.

பெண்களுக்கு மாதத்தில் சில நாட்கள் நோன்பும் தொழுகையும் இல்லை, விட்டதைப் பிறகு பிடித்துக்கொள்ளலாம், அதில் குற்றமே கிடையாது என்பதை நான் பெரியவளானபோது உம்மா சொல்லித்தந்தார். உம்மாவே நோன்புப் பகல்களில் எத்தனையோ முறை அடுப்படி மூலையில் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். அப்படிச் சாப்பிட்டிருக்க வேண்டிய சாச்சி, வீட்டுப் பெண்களுக்கே தெரியாமல், விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கும் எழுந்து எங்களோடு உட்கார்ந்தது ஏன் என்பது அப்போதுதான் விளங்கியது. அந்த மாதம் சாச்சிக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. மாமி பிள்ளைக்குப் பெயர்கூடப் பார்த்துவிட்டார். நாள் வந்துவிட்ட பிறகும் மாமியின் அந்த நம்பிக்கையை இன்னும் இரண்டொரு நாளாவது கலைக்காமல் வைத்திருக்கத்தான் சாச்சி கிழங்கறைக்குள் ஒளிந்திருக்கிறார்.

எட்டு வயதில் எனக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? மறுநாள் பகல் மாமியே பாணும் தேத்தண்ணியும் கொண்டுவந்து அடுப்படியில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்து, சாச்சியைச் சாப்பிடக் கூப்பிட்டார். சாச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார், தொடவில்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்தது. நோன்பு திறக்கும் வரை அவர் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. என்னால்தான் சாச்சி திருந்தினார் என்று பெருநாள் வரை நான் பெருமையோடு திரிந்தேன். அன்று அவர் நோன்பு பிடிக்கவில்லை. அவரால் சாப்பிட முடியவில்லை, அவ்வளவுதான்.