பல்செட் பிரஸ்ஸில் சிக்கிய கியர் தண்டு

பல்லில்லாதவர்களுக்குப் பல் செய்து கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்காரர். அவர் வேலை செய்யும் அறையின் சுவர்ப்பலகைகளில் ஊரின் பாதி வாய், வெள்ளைப் பிளாஸ்டரில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முகம் மறந்தாலும் அவருக்கு ஈறு மறக்காது. கண்ணீர் மட்டும் கொஞ்சம் சீக்கிரம் வந்துவிடும். புதுப் பல் மாட்டிய ஒருவர் கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தால் போதும், பஞ்சைத் தேடுவார்.

இப்படிப்பட்ட மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு மாமனார் சொன்ன கடைசி வார்த்தை, "மாப்ளே, வண்டி ரெண்டாவது கியர்லயே நிக்குது" என்பது. மகளைப் பற்றி ஒன்றுமில்லை, மகனைப் பற்றியும் ஒன்றுமில்லை. கியரைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அன்று பல்செட்காரர் அழுத அழுகையில், துக்கத்துக்கு வந்தவர்கள் அவரைத்தான் மகன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

உண்மையான மகன் வாசலில் நின்று அந்தப் பழைய மோட்டார் சைக்கிளைக் கண்ணாலேயே எடை போட்டுக்கொண்டிருந்தார். பழைய இரும்புக்கடை வைத்திருப்பவர். அசையாத எதுவும் அவருக்கு இரும்புதான். அப்பா படுத்த படுக்கையானபோது கட்டிலையே ஒரு மாதிரி பார்த்தவர்.

கடைசியில் குடும்பத்தில் ஒரு பேச்சு முடிவாயிற்று. இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் கியர் விழுந்தால் வண்டி மாப்பிள்ளைக்கு. விழாவிட்டால் மச்சானின் தள்ளுவண்டியில் ஏறிவிடும்.

கியர் மாற்றும் தண்டு, கியர்பெட்டி மூடியின் துளைக்குள் துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது. பல்செட்காரர் மூடியைக் கழற்றி, எண்ணெயில் ஊறவைத்து, சூடு காட்டி, பல் தட்டும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். தண்டு அசையவில்லை. தெரிந்த மெக்கானிக் ஒருவர், "அமுக்கிக்கிட்டே இருக்கணும் சார். அழுத்தத்தை விட்டீங்கன்னா முதல்லேர்ந்து ஆரம்பம்" என்றார். வீட்டில் அமுக்கக்கூடிய சாதனம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. பல் அச்சை இறுக்கும் இரும்பு பிரஸ். மூடியை அதில் வைத்துத் தண்டின் தலைமேல் திருகாணியை இறக்கி, எண்ணெய் விட்டுக் காத்திருந்தார். பல் வேலை அப்படியே நின்றது.

நின்ற வேலைகளில் முதலாவது மச்சானுடைய பல்.

இரும்பு வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவர் தேர்தல்; மச்சான் அதில் நிற்கிறார். ஞாயிற்றுக்கிழமை மேடையில் பேச வேண்டும். பழைய பற்களை ஒன்றுவிடாமல் பிடுங்கிக்கொண்டு, புதியது வரும் என்று கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை காலை தள்ளுவண்டியோடும் வெறும் வாயோடும் வந்து நின்றார்.

"என் பல்லு எங்க மாப்ளே?" பாதி வார்த்தை காற்றாகப் போயிற்று.

"அச்சு தயாரா இருக்கு மச்சான். பிரஸ்ல இடமில்ல."

"பிரஸ்ல என்ன இருக்கு?"

"உங்கப்பா இருக்காரு" என்று சொல்லிப் பல்செட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மச்சான் குனிந்து பார்த்தார். "இது மூடி."

மூலையில் பிளாஸ்டர் கரைத்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை. "அதைக் கழட்டாம உன் பல்லு வராதுண்ணே. அது அசையாம கழட்ட மாட்டாரு."

மச்சான் அறைக்குள் நிறுத்தியிருந்த வண்டியின் சீட்டில் உட்கார்ந்து யோசித்தார். தண்டு அசையாவிட்டால் வண்டி அவருக்கு. அசையாவிட்டால் பல்லும் இல்லை. பல்லில்லாத வாயோடு மேடையேறினால் எதிர்க்கட்சிக்காரன் சிரிப்பான்; அவனுக்குச் சொந்தப் பல் வேறு. அரை மணி நேரம் அவர் முகம் இரண்டாவது கியரிலேயே நின்றது. பிறகு எழுந்து சட்டையைக் கழற்றினார்.

"தள்ளு."

"மெதுவா மச்சான். மூடி விரிசல் விட்டுடும்."

"இரும்பு எங்க விரிசல் விடும்னு எனக்குத் தெரியும். நீ அழறதை அழு."

மனைவி மூடியைச் சுற்றிக் கொதிநீரில் நனைத்த துணியைப் போர்த்தினாள். மச்சான் பிரஸ்ஸின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, இல்லாத பல்லைக் கடித்து, திருகினார். மேசை முனகியது. பலகையிலிருந்த பிளாஸ்டர் வாய்களெல்லாம் கிடுகிடுவென்று நடுங்கின. 'டக்' என்று ஒரு சத்தம்.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். மூடி உடையவில்லை. தண்டுதான் ஒரு விரல்கடை கீழே இறங்கியிருந்தது.

பல்செட்காரர் அதைக் கையால் திருப்பினார். வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி திரும்பியது. அவர் பஞ்சைத் தேடினார். மச்சான் தண்டை வாங்கித் தானும் திருப்பிப் பார்த்தார். இன்னொரு முறை திருப்பினார். அவர் முகத்தில் ஏதோ மாறியது.

"அசையுதே" என்றார். "அப்ப இது இரும்பு இல்ல. வண்டி. அப்பா வண்டின்னா பையனுக்குத்தானே சேரணும்?"

இவ்வளவு பெரிய நியாயத்தைப் பல்செட்காரரால் ஒரே மூச்சில் விழுங்க முடியவில்லை. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால், "எடுத்துக்குங்க மச்சான்" என்று சொல்லித் தண்டைத் துடைத்துக் கொடுத்திருப்பார், அப்படிப்பட்ட மனசு.

மனைவி மச்சானின் அச்சுப்பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பேச்சு என்னண்ணே?"

"பேச்சு பேச்சுதான். ஆனா..."

"ஆனாவெல்லாம் மேடையில சொல்லு. உன் பல்லை இன்னும் பிரஸ்ல அமுக்கல, வெந்நீர்ல வேகவும் வைக்கல. அடுப்பைப் பத்தவைக்கவா, வேணாமா?"

மச்சான் வண்டியைப் பார்த்தார். அச்சுப்பெட்டியைப் பார்த்தார். தங்கையை வெகுநேரம் பார்த்தார். சின்ன வயதில் அவளிடம் எதையெல்லாம் பிடுங்கித் தின்றோம் என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"பத்தவை" என்றார்.

பல் வெந்து ஆறும்வரை மூவரும் அதே அறையில் இருந்தார்கள். பல்செட்காரர் மூடியை வண்டியில் பொருத்தினார். தண்டு நேராக உட்கார மறுக்க, மச்சான் வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

சாயங்காலம் பல் மாட்டியதும், "மதிப்புக்குரிய இரும்பு வியாபாரிகளே" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். ஒரு எழுத்துகூடக் காற்றாகவில்லை. பிறகு வெறும் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு, அதையே எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டு தெருவில் போனார்.