கண் பிரிவில் இரண்டு இடம்

நம்புகிறவர்கள் நம்பட்டும், நம்பாதவர்கள் இத்தோடு மூடி வைத்துவிடட்டும். விதாத் என் தங்கையோடு ஒரே பெஞ்சில் படித்தவள். பொய் சொன்னால் அவளுக்குக் காது சிவந்துவிடும். என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து இதைச் சொன்ன அன்று காது சிவக்கவில்லை. முகம்தான் வெளுத்திருந்தது. போட்டு வைத்த காபியை அவள் தொடவே இல்லை.

இன்னொன்று. இதில் எதுவுமே ராத்திரியில் நடக்கவில்லை. எல்லாம் பட்டப்பகலில் நடந்தது. எனக்கு அதுதான் அதிகப் பயம்.

விதாத்துக்கு அப்போது இருபத்தேழு வயது. ஏழு வருஷம் படித்து டாக்டராகிவிட்டாள். ஆனால் எங்கள் ஊரில் டாக்டர் பட்டத்தோடு நின்றால் போதாது. சிறப்புப் படிப்புக்கு இன்னொரு நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். ரெசிடானா என்போம். அல்ஜீரியா முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கான டாக்டர்கள் எழுதுவார்கள். அப்புறம் ஒரு நாள் எல்லோரையும் மண்டபத்தில் உட்கார வைத்து, ரேங்க் வரிசைப்படி பெயர் கூப்பிடுவார்கள். உன் முறை வரும்போது என்ன மிச்சமிருக்கிறதோ, அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

விதாத்துக்குக் கண் மருத்துவம் வேண்டும். அதுவும் எங்கள் நகரமான கான்ஸ்டன்டீனிலேயே வேண்டும். அந்த வருஷம் அதற்கு இரண்டே இடம்.

முந்தின வருஷம் முதல் தடவை எழுதி, ஒன்பது ரேங்கில் தவறவிட்டிருந்தாள். நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து அவள் அழுதுகொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் ஷஹினாஸ். இரண்டு தடவை எழுதித் தோற்றவள். வயது முப்பது.

"அழுது முடிச்சிட்டியா? முடிச்சிட்டேன்னா எழுந்திரு. என் அத்தை பிரான்ஸ்ல, மார்செய்ல இருக்காங்க. இங்க அவங்க வீடு சும்மாதான் பூட்டிக் கிடக்கு. நாலாவது மாடி, சத்தம் கிடையாது. வந்து என்கூட படி."

"வாடகை?"

"அடிப்பேன்."

அப்படித்தான் சேர்ந்தார்கள். பாடத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இதயம், சிறுநீரகம், குழந்தைகள் நோய் எல்லாம் ஷஹினாஸ் பாகம். மிச்சம் விதாத். ஒருத்தி படித்ததைச் சின்னச் சின்ன அட்டைகளில் எழுதி இன்னொருத்திக்குக் கொடுக்க வேண்டும். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில்.

"ரெண்டு இடம், ரெண்டு பேரு. எவ்ளோ பொருத்தம் பாரு" என்பாள் ஷஹினாஸ்.

விதாத்துக்கு ஒற்றைத் தலைவலி வந்தால் ஆரஞ்சுப்பூத் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போடுவாள். கெஸ்ரா ரொட்டியைப் பிய்த்து மோரில் தோய்த்து, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் இருக்கும் விதாத்தின் வாயிலேயே வைப்பாள். கூடப் பிறந்த அக்காகூட அப்படிப் பார்த்துக்கொள்ளவில்லை என்றாள் விதாத். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரல் உடைந்தது. பேயைப் பற்றிச் சொல்லும்போது உடையவில்லை.

ஆகஸ்ட் 4. சுட்டெரிக்கும் வெயில். மதியச் சாப்பாட்டுக்குப் பின் தெருவில் ஒரு பூனைகூட நடமாடாது. ஷஹினாஸ் ஒரு தனியார் கிளினிக்கில் வேலை பார்த்தாள். ஒரு மணிக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவாள். விதாத் வீட்டில் தனியாக இருந்தாள்.

2.20. ஷஹினாஸின் அறையிலிருந்து சத்தம்.

சரக்...

யாரோ தாள் புரட்டுகிற சத்தம். காற்று என்று நினைத்தாள். எழுந்துபோய்ப் பார்த்தால், ஜன்னல் சாத்தியிருந்தது.

ஆகஸ்ட் 5. அதே 2.20. சரக்... கொஞ்ச நேரம் அமைதி. திரும்பவும் சரக்... அப்புறம் 'டிக்' என்று பேனா மூடி. நிதானமாகப் படித்து, அடிக்கோடு போட்டு, அடுத்த பக்கம் போகிற ஒருத்தரின் வேகம்.

கதவைத் திறந்தாள். அறையில் யாரும் இல்லை. மேஜையை ஒட்டி இருக்க வேண்டிய நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது. உட்காருகிற இடத்தில் கை வைத்தாள்.

சூடாக இருந்தது.

ஷஹினாஸிடம் சொல்லவில்லை. சிரிப்பாள் என்று பயம். தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்குத் தூக்கம் கெட்டால் என்னென்னவோ கேட்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 9. மணி 2.34. ஷஹினாஸ் எழுதிக் கொடுத்த அட்டைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

"ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பு தடுமாறுகிறது. முதலில் ஏற்ற வேண்டியது என்ன? இன்சுலின்."

சுவருக்கு அந்தப் பக்கம்...

"ச்சு."

நாக்கைத் தட்டுகிற சத்தம். தப்பாகச் சொன்ன பிள்ளையைப் பார்த்து டீச்சர் செய்வது மாதிரி.

விதாத்தின் கை அப்படியே நின்றது. திரும்பவும் மெதுவாகச் சொன்னாள்.

"இன்சுலின்..."

"ச்சு. ச்சு."

ஓடிப்போயிருக்கலாம். ஆனால் அவள் டாக்டர். பெரிய பாடப்புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். முதலில் கால்சியம். அப்புறம்தான் இன்சுலின்.

அட்டை தப்பு.

அன்று மதியம் முழுக்க அந்தச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து அட்டை படித்தாள். பயந்துகொண்டேதான் படித்தாள், ஆனாலும் நிறுத்தவில்லை. எழுபது அட்டைகளில் பதினோரு தடவை "ச்சு" கேட்டது. புத்தகத்தில் சரிபார்த்தாள். அந்தப் பதினொன்றும் தப்பு. மீதி ஐம்பத்தொன்பதும் சரி. தன் கையால் எழுதிய அட்டைகளையும் படித்துப் பார்த்தாள். சுவர் சும்மா இருந்தது.

பதினொன்றும் மோசமான தப்புகள் இல்லை. பார்த்ததும் சந்தேகம் வராத தப்புகள். கிட்டத்தட்டச் சரியான பதில். நன்றாகத் தெரிந்தவளால்தான் அப்படித் தப்பாக எழுத முடியும். இது விதாத்துக்கு அன்றே புரிந்தது. புரிந்ததை ஏற்றுக்கொள்ள மனசு வரவில்லை.

சாயங்காலம் ஷஹினாஸ் வந்ததும் அட்டைகளை மேஜையில் பரப்பினாள்.

"இதெல்லாம் தப்பா இருக்கு ஷஹினாஸ்."

"எது?" எட்டிப் பார்த்தாள். "ஐயையோ. தூக்கக் கலக்கத்துல எழுதியிருப்பேன்டீ."

"பதினொண்ணு."

"எண்ணிட்டியா?" ஷஹினாஸ் சிரித்தாள். "நாலு மணி நேரம்கூடத் தூங்காம எழுதித் தரேன். நீ உக்காந்து தப்பு எண்ணிட்டிருக்கே. உனக்கு நரம்பு தளர்ந்து போச்சு. வா, தலையைக் காட்டு."

அதே ஆரஞ்சுப்பூத் தண்ணீர். அதே குளிர்ந்த துணி. விதாத் கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கமாக இருந்தது. தோழியைச் சந்தேகப்பட்டுவிட்டோமே என்ற வெட்கம்.

ஆகஸ்ட் 13. மணி 2.20. சத்தமே இல்லை. 2.40. இல்லை. சரி, போய்விட்டது என்று நினைத்தாள்.

3.05.

ஷஹினாஸின் அறைக் கதவு தானாகத் திறந்தது. மெதுவாக... முழுசாக... சுவரில் போய் முட்டி நின்றது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டி பாதி வெளியே தெரிந்தது. காலையில் பெருக்கும்போது அது அங்கே இல்லை.

உள்ளே போனாள். மண்டியிட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தாள்.

மேலே ஒரு கட்டு அட்டைகள். ஷஹினாஸின் கையெழுத்து. அவள் தனக்கென்று வைத்துக்கொண்டவை. பொட்டாசியம் கேள்வி இருந்தது. பின்பக்கம் திருப்பினாள்.

கால்சியம்.

பதினொன்றையும் பார்த்தாள். இதில் எல்லாம் சரியாக இருந்தது.

அடியில் இன்னொரு கட்டு. ரப்பர் பேண்டு காய்ந்து ஒட்டிப் போயிருந்தது. மேல் அட்டையில் பச்சை மையில் ஒரு பூ வரைந்து, 'என் நிஹாதுக்கு' என்று எழுதியிருந்தது.

அதிலும் பொட்டாசியம் கேள்வி.

திருப்பினாள்.

இன்சுலின்.

நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அறுந்தது என்றாள். பயம் அதற்கப்புறம்தான் வந்தது. ஏனென்றால் அவள் பின்கழுத்தில் மூச்சு பட்டது.

சில்லென்று.

காதை ஒட்டி ஒரு பெண்ணின் குரல். மிருதுவாக.

"உனக்கும் இதையேதான் எழுதிக் கொடுத்தாளா?"

விதாத் திரும்பவில்லை.

எழுந்தாள்.

ஓடினாள்.

நாலு மாடி. செருப்பில்லாமல்.

பக்கத்து ஊரான அல் க்ரூபில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி 4.10. ஆறு மணிக்குக் கைபேசி அடித்தது.

"எங்கடீ போனே? கதவு திறந்து கிடக்கு, நான் பயந்தே போயிட்டேன்."

"நிஹாத் யாரு?"

அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஷஹினாஸ், உன்னைத்தான் கேக்குறேன்."

"அவ பேர் உனக்கு யார் சொன்னது?"

"பெட்டியைப் பார்த்துட்டேன். ரெண்டு கட்டும் பார்த்துட்டேன்."

அடுத்து வந்த குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. கொஞ்சல் இல்லை, சிரிப்பு இல்லை.

"நாலாயிரம் பேரு எழுதறாங்க விதாத். இடம் ரெண்டு. எனக்கு முப்பது வயசாச்சு. நீ என்னை விடக் கெட்டிக்காரி. நான் என்ன பண்ணுவேன்?"

"எனக்கு ஊட்டி விட்டியே..."

"பிடிச்சுதான் ஊட்டினேன். அது வேற, இது வேற."

விதாத் கைபேசியை வைத்தாள். அது வேற, இது வேற. அந்த வார்த்தைதான் இன்றைக்கும் அறுக்கிறது என்றாள்.

தேர்வுக்கு ஐம்பத்தெட்டு நாள் இருந்தது. ஷஹினாஸின் பாதியை முதல் பக்கத்திலிருந்து தானே படித்தாள். அக்கா பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவில், பகலில் மட்டும், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. தேர்வு எழுதினாள். முடிவு வந்தது. ரேங்க் 57.

ஷஹினாஸுக்கு 59.

டிசம்பர் 17, காலை. மண்டபத்தில் முந்நூறு பேர். மேடையில் மேஜை, பெரிய பதிவேடு, ஒரு குமாஸ்தா. பின்னால் திரையில் எந்தப் பிரிவில் எந்த ஊரில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருந்தது. 'கண் மருத்துவம், கான்ஸ்டன்டீன்: 2.' ஐம்பத்தாறு பேர் வந்து போன பிறகும் அதே இரண்டு.

10.42. விதாத்தின் பெயர் கூப்பிட்டார்கள். போனாள், சொன்னாள், கையெழுத்துப் போட்டாள். திரையில் 2 போய் 1 ஆனது. பக்கத்துப் படியில் இறங்கி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாவது வரிசையிலிருந்து ஷஹினாஸ் அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். பார்த்தாயா, நடுவில் ஒரே ஒருத்தர்தான், கடைசியில் இருவருக்கும் கிடைத்துவிடும் என்பது போல.

10.44.

"ஐம்பத்தெட்டு. நிஹாத் பென்ஸெக்ரி."

யாரும் எழுந்திருக்கவில்லை.

குமாஸ்தா தலையை நிமிர்த்தினார். புன்னகைத்தார். பதிவேட்டை எதிர்ப்பக்கம் திருப்பி வைத்தார். பேனாவை நீட்டினார்... வெறும் காற்றுக்கு.

காத்திருந்தார்.

பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"கண் மருத்துவம், கான்ஸ்டன்டீன். வாழ்த்துகள் டாக்டர்."

திரையில் 1 போய் 0 ஆனது.

"ஐம்பத்தொன்பது" என்று அவர் கூப்பிடுவதற்குள் ஷஹினாஸ் மேடைக்கு ஓடியிருந்தாள்.

"யாரும் வரல! அங்க யாருமே வரலையே! யாருக்குக் கொடுத்தீங்க?"

குமாஸ்தா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "என்னம்மா நீங்க. இப்பதானே உங்களைத் தாண்டிப் போனாங்க. உங்க தோள்ல கை வச்சுட்டுப் போனாங்களே."

ஷஹினாஸ் தன் இடது தோளைப் பிடித்துக்கொண்டாள். எந்த இடமும் எடுக்காமல், கைப்பையைக்கூட எடுக்காமல், மண்டபத்தை விட்டு வெளியே போனாள். அதற்குப் பிறகு அவளை விதாத் பார்க்கவில்லை.

ஒரு வாரம் தாங்கினாள் விதாத். அப்புறம் பழைய மாணவர்களிடம் விசாரித்து, ஜிஜல் என்கிற ஊரில் இருக்கும் நிஹாதின் வீட்டுப் போன் எண்ணை வாங்கினாள். வியாழக்கிழமை மாலை 4.15. எடுத்தது அண்ணன்.

"நான் கான்ஸ்டன்டீன்லேர்ந்து டாக்டர் விதாத் பேசறேன். நிஹாத்..."

"நிஹாத் இல்லீங்க. ரெண்டு வருஷம் ஆச்சு. ரெசிடானா ரிசல்ட் பார்த்துட்டு, இடம் கிடைக்கலைன்னு ஊருக்கு வந்துட்டிருந்தா. பஸ் கவிழ்ந்துடுச்சு." கொஞ்சம் நிறுத்தினான். "நீங்க ஆஸ்பத்திரியா? காலையில போன் பண்ணது உங்க ஆளுங்களா?"

"காலையிலயா? இல்லையே."

"எட்டு மணிக்கு ஒரு போன் வந்துச்சு. அம்மாதான் எடுத்தாங்க. ஒரு பொண்ணு பேசிச்சாம். வெள்ளி, சனி லீவு முடிஞ்சு ஞாயித்துக்கிழமை கண் பிரிவுல வேலைக்குச் சேரணும், என் வெள்ளைக் கோட்டைத் தோய்ச்சு வைங்கம்மான்னு சொல்லிச்சாம். யாரோ விளையாடுறாங்கம்மான்னு நான் சொல்லிப் பார்த்துட்டேன். அவங்க கேக்கல. அது என் பொண்ணு குரல், எனக்குத் தெரியாதாங்கிறாங்க."

"அம்மா இப்ப எங்க?" என்றாள் விதாத்.

"இப்ப மொட்டை மாடியில நிக்கிறாங்க. கோட்டு காஞ்சிடுச்சான்னு தொட்டுத் தொட்டுப் பார்த்துட்டு..."

விதாத்தும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அதே பிரிவில் வேலைக்குச் சேர வேண்டும்.